எல்லா வீட்டுக்கும் ஒன்பது

கம்பியில்லாத போனை வீட்டுக்குள் விட்டவள் என் மனைவி இராஜம்மா. நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பில் இன்றைக்கும் சிலர், "நாகையா வீட்டு போன் பண்ணின வேலை" என்று பேசிக்கொள்கிறார்கள்.

எங்களிடம் நல்ல போன் ஒன்று இருந்தது. சுவரிலிருந்து கம்பி வரும், கம்பியின் முனையில் போன் உட்கார்ந்திருக்கும். பேச்சு எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். எலி கடித்தால் கடித்த இடம் தெரியும். துறைமுகத்தில் கப்பல் சாமான் இறக்கி வயதானவன் நான். கயிறு இல்லாமல் எதுவும் எதையும் இழுக்காது என்பது என் கருத்து. இன்றும் அதுதான்.

ஜெயராஜ் என்று ஒருவன். பிரிக்பீல்ட்ஸில் மின்சாமான் கடை வைத்திருப்பவன். ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வேனோடு எங்கள் வீட்டு வரிசைக்கு வந்தான். அன்று நான் பல் பிடுங்கப் போயிருந்தேன். இருந்திருந்தால் அவன் வேனிலிருந்தே இறங்கியிருக்க மாட்டான்.

"அடுப்படியில நின்னுக்கிட்டே பேசலாம் ஆன்டி. சாம்பாரும் அடி பிடிக்காது, சம்பந்தியும் கோவிச்சுக்க மாட்டாங்க லா" என்று சொன்னானாம்.

அந்தச் சம்பந்தி என்ற சொல்லில்தான் மொத்த வரிசையும் விழுந்தது. கல்யாணத்துக்குப் பெண்ணோ பையனோ நிற்காத வீடு எங்கள் வரிசையில் ஒன்றுகூட இல்லை. எல்லாரும் ஒரே மாதிரி போன் வாங்கினார்கள். பழைய போனைக் கொடுத்தால் விலை குறைப்பேன் என்று சொல்லி, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த போன்களை எல்லாம் வேனில் அள்ளிக்கொண்டு போனான். நான் வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்தபோது சுவரோரத்து அலமாரியில் ஒரு பெட்டி. அதன் மேல் கரண்டி மாதிரி ஒரு ரிசீவர். அதற்கு இழுத்தால் நீளும் ஏரியல் வால் ஒன்று.

"இத கையில எடுத்துக்கிட்டு வீடு முழுக்க நடக்கலாம்" என்றாள் இராஜம்மா.

"எதுக்கு நடக்கணும்? பேசுறதுக்கு உக்காந்தா போதாதா?"

"உங்களுக்கு எதுதான் புடிச்சிருக்கு!"

அந்தச் சமயம் எங்கள் மகள் ரமணிக்கு ரவாங்கிலிருந்து ஓர் இடம் வந்திருந்தது. பையன் பெயர் பாலன், ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறவன். ஒழுங்காகப் பேசினான், காலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தான். எனக்கே அவனிடம் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. ரமணிக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. இதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் வடை தின்றுவிட்டுப் போனவர்கள். இந்தப் பையனுக்கு அவள் தலையாட்டினாள். பையனின் அம்மா சீதாலெட்சுமி, "பரிசம் போட நாள் பாத்துட்டு போன் பண்றேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன் வந்தது. சனிக்கிழமை காலை. இராஜம்மா பின்கட்டில் துணி துவைக்கும் இடத்தில் ரிசீவரைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். "சொல்லுங்கக்கா, நாள் பாத்தாச்சா?" என்று அவள் கேட்டது முன்கூடத்தில் எனக்கே கேட்டது. அடுத்து அவள், "ஹலோ, ஹலோ, யாருங்க அது? போனை வைங்க!" என்று கத்தினாள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கையில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகத்தில் ரத்தமில்லை.

"என்ன ஆச்சு?"

"நடுவுல ஒரு ஆம்பள குரல் வந்துச்சுங்க. 'பொண்ணு புருஷன் வீட்ல இருந்து ஓடி வந்துடுச்சு. இங்க யாருக்கும் தெரியாது, தெரியாமலே வேற எடத்துல முடிச்சிடலாம்னு பாக்குறேன்' அப்படின்னு. அது ரவாங் அக்கா காதுலயும் விழுந்துடுச்சு. கேட்டுட்டு, 'ஓ, இப்படியா சங்கதி'ன்னு வெச்சிட்டாங்க."

"யார் குரல்?"

அவள் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தாள். பெயர் சொல்ல வேண்டிய அவசியமில்லை. லோரி ஓட்டும் தம்புசாமி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் இருமுவான். இருமலோடுதான் அந்தக் குரல் வந்ததாம்.

உடனே ரவாங்குக்குத் திரும்ப அடிக்கச் சொன்னேன். அடித்தோம். ரவாங் வரவில்லை. நாலு வீடு தள்ளியிருக்கும் அம்மா தன் தங்கையிடம் மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ரிசீவரில் வாயை வைத்து, "அம்மா, புளி போதும், போனை வைங்க!" என்று கத்தினேன். "எவன்டா அது?" என்று அந்த அம்மா என்னைத் திட்டினார். என் வீட்டு போனில், என் வீட்டுக்குள் நின்றுகொண்டு, மீன் குழம்புக்காரியிடம் திட்டு வாங்கினேன்.

பாசார் சந்தைப் பக்கத்துப் பொதுத் தொலைபேசிக்குப் போனேன். அதற்குக் கம்பி இருந்தது, வேலையும் செய்தது. சீதாலெட்சுமியே எடுத்தார்.

"அம்மா, நீங்க கேட்டது வேற வீட்டு பேச்சு. எங்க பொண்ணு இல்ல."

"உங்க வீட்டு போனுக்குள்ள வேற வீட்டு பேச்சு எப்படிண்ணே வரும்?"

"அதத்தாம்மா நானும் கேக்குறேன்!"

"கோவப்படாதீங்கண்ணே. எங்க வீட்டுக்காரர் பக்கம் பெரியவங்க இருக்காங்க. எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சிக்கிட்டு சொல்லுங்க. அதுவரைக்கும் நாள் பாக்குறத நிறுத்தி வெச்சிருக்கோம்."

நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். என் மகள் என்ன பஸ்ஸா?

வீட்டுக்கு வந்தால் அதற்குள் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ராத்திரி முழுக்கப் பெட்டியில் வைத்து மின்சாரம் ஏற்றச் சொன்னான் ஒருவன். வாலை முழுசாக இழுத்துவிடச் சொன்னான் இன்னொருவன். டிவியை அணை, நீள விளக்கை அணை, தகரக் கூரைக்கு அடியில் நின்று பேசாதே. இரண்டு நாள் இருட்டில் உட்கார்ந்து, வாலை நீட்டி வைத்துக்கொண்டு பார்த்தோம். மீன் குழம்பு போய் யாரோ ஒரு பையன் யாரோ ஒரு பெண்ணிடம், "சாப்டியா, சாப்டியா" என்று கேட்டுக்கொண்டிருந்தான். போன் ஆபீசுக்குப் போனேன். சுவர் வரைக்கும்தான் எங்கள் பொறுப்பு, சுவருக்கு உள்ளே நீங்கள் என்ன மாட்டினாலும் எங்களுக்குத் தெரியாது என்றார் அங்கிருந்த பெண். அவர் மேல் குற்றமில்லை. சுவர் வரைக்கும் கம்பி இருக்கிறது அல்லவா.

பெட்டியையும் ரிசீவரையும் ஒரு கோழித்தீவனச் சாக்கில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் பிரிக்பீல்ட்ஸ் போனேன். ஜெயராஜ் கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். நல்லதாய்ப் போயிற்று என்று எல்லாருக்கும் கேட்கும்படியாகவே பேசினேன்.

"ஏன்டா, நீ வித்தது போனா, ஊர்க் கூட்டத்துக்கு மைக்கா?"

"அங்கிள், அங்கிள், மெதுவா. உள்ள வாங்க. டீ சொல்லவா?"

"உன் டீ வேணாம். என் பொண்ணு கல்யாணம் நின்னு போச்சு உன்னால."

அவன் முகம் மாறிற்று. சாக்கிலிருந்து பெட்டியை எடுத்துத் திருப்பினான். அடியில் ஒரு சின்னத் திருகு, சுற்றிலும் எண்கள். ரிசீவரின் பேட்டரி மூடியைக் கழற்றினான். உள்ளே அதே மாதிரி ஒரு திருகு.

"ஒண்ணும் கெட்டுப் போகல பாஸ். ரெண்டும் ஒன்பதுலதான் இருக்கு. ரெண்டும் ஒரே நம்பர்ல இருந்தாத்தான் ரிசீவர் பேசுறது பெட்டிக்குக் கேக்கும்."

"பக்கத்து வீட்டுக்காரன் எதுல இருக்கான்?"

"அவரும் ஒன்பதுலதான்."

"அடுத்த வீடு?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"மீன் குழம்பு வீடு?"

"எல்லாமே ஒன்பதுதான் அங்கிள். வரும்போது கலந்துதான் வந்துச்சு. நான்தான் உக்காந்து எல்லாத்தையும் மாத்தினேன். ஆன்டிங்க எல்லாம் கேட்டாங்க லா. ஒருத்தருக்கு எட்டுல இருந்துச்சு, சனி நம்பர், வேணாம்னாங்க. நாலுன்னா சாவு நம்பருன்னு சீனனே சொல்றான், நமக்கு எதுக்குன்னாங்க. ஏழு கேதுவாம். ஒருத்தங்களுக்கு ஒன்பது வெச்சுக் கொடுத்தேன். அதப் பாத்துட்டு, 'அவளுக்கு ஒன்பது, எனக்கு மட்டும் மூணா? அவ பொண்ணுக்கு மட்டும் நல்ல எடம் அமையணுமா?'ன்னு அடுத்த வீட்ல சண்டை. சரி, எல்லாருக்கும் ராசியா இருக்கட்டும்னு..."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து எண் இருக்கிறது. ஆளுக்கொன்று எடுத்திருந்தால் யாரும் யார் வீட்டுக்குள்ளும் போயிருக்க மாட்டார்கள். எல்லாருக்கும் நல்ல எண் வேண்டும் என்று எல்லாரும் ஒரே கதவுக்குள் போய் நின்றுகொண்டு, நெரிசலாக இருக்கிறது என்று அழுகிறார்கள். இதை விற்றவனும் தமிழன், வாங்கியவர்களும் தமிழர்கள். வேறு எந்தச் சாதி செய்யும் இந்தக் காரியத்தை?

"பக்கத்து வீட்டுக்காரன் பேசினது என் பெட்டிக்கு எப்படிடா வந்துச்சு? என் பொண்டாட்டி பேசிக்கிட்டு இருக்காளே?"

"ஆன்டி எங்க நின்னாங்க?"

"பின்கட்டுல."

"பெட்டி?"

"அவன் வீட்டுச் சுவரோரம்."

"அதான் அங்கிள். உங்க பெட்டிக்கு ஆன்டிய விட அவர் கிட்டக்க இருக்காரு. கிட்டக்க இருக்கிற குரலத்தான் அது எடுத்துக்கும்."

இதைக் கேட்டபோது அந்தப் பெட்டியை அங்கேயே போட்டு உடைக்கத் தோன்றியது. நாய்கூடத் தூரத்தில் நிற்கும் எஜமான் குரலைத்தான் கேட்கும்.

ஜெயராஜ் திருகைத் திருப்ப ஒரு சின்ன ஆணித்திருப்பி எடுத்தான். "எந்த நம்பர் வைக்கட்டும்? ஆறு நல்லது, சுக்கிரன்."

"எங்க வரிசையில ஒருத்தங்ககூட கேக்காத நம்பர் எது?"

"எட்டுதான். ஆனா அங்கிள், கல்யாண வீட்டுக்கு..."

"எட்டு வை."

வீட்டில் இராஜம்மா மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். "கல்யாணப் பேச்சு போற போன்ல சனி நம்பரா? உங்களுக்குப் புத்தி இருக்கா?"

"சனி வந்தா வரட்டும். தம்புசாமி வராம இருந்தா போதும்."

அன்று மாலை ரவாங்குக்கு அடித்தேன். மீன் குழம்பு இல்லை, சாப்டியா இல்லை, இரைச்சல்கூட இல்லை. திருகு, எண், சுவரோரத்துப் பெட்டி எல்லாவற்றையும் சீதாலெட்சுமிக்கு விளக்கினேன். பாலன் பக்கத்திலேயே இருந்தான் போலிருக்கிறது. "அவர் சொல்றது சரிதாம்மா, அப்படி வரும்" என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது.

"சரிண்ணே, வேற வீட்டு பேச்சுன்னு வெச்சுக்குவோம்" என்றார் அந்த அம்மா. "அப்போ யார் வீட்டு பேச்சு? எந்தப் பொண்ணு? எங்க பெரியவங்க கேட்டா நான் ஒரு பேர் சொல்லணும்ல? பேர் இல்லாம சொன்னா, மூடி மறைக்கிறாங்கம்பாங்க."

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

பெயர் எனக்குத் தெரியும். தம்புசாமியின் மகள் சந்திரகலா. போன வருஷம் காப்பாரில் கட்டிக் கொடுத்தார்கள். நானும் போய்ச் சாப்பிட்டேன். ரமணியும் அவளும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். இப்போது கொஞ்ச நாளாக அவள் பெற்றோர் வீட்டில் இருக்கிறாள், வெளியே வருவதில்லை. விருந்துக்கு வந்திருக்கிறாள் என்று அவள் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வெயிலில் கை முழுக்க மூடிய சட்டை போட்டுக்கொண்டு யார் விருந்துக்கு வருவார்கள்?

மறுநாள் தம்புசாமி லோரியைக் கழுவிக்கொண்டிருந்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே கேட்டேன்.

"தம்புசாமி, போன்ல நீ யார்கிட்டயோ பேசினது ரவாங் வரைக்கும் போயிருக்கு. அவங்க என் பொண்ணப் பத்தின்னு நெனச்சிட்டாங்க. உன் வாயால ஒரு வார்த்தை சொல்லிடு, அது என் வீட்டு விசயம்னு."

தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டான். "ஒட்டுக் கேட்டியா?"

"ஒட்டுக் கேக்க நான் சுவத்துல காது வைக்கல. நீதான் என் போனுக்குள்ள வந்து இருமின."

"ஊர்ல இருக்கிறவன் வீட்டு பேச்ச எல்லாம் போன்ல புடிச்சுக் கேக்குற. வெட்கமா இல்ல, நரைச்ச தலை?"

"வெட்கப்பட வேண்டியவன் நான் இல்லடா. பொண்ண அடிச்சவன் காப்பார்ல இருக்கான். அவன விட்டுட்டு அவள ஒளிச்சு வெச்சிருக்க பாரு, நீ வெட்கப்படு!"

சத்தம் கேட்டு வரிசையில் கதவுகள் திறந்தன. தம்புசாமி குரலைத் தாழ்த்திக்கொண்டு வேலிக்கு வந்தான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"நாகையா, உன் பொண்ணுக்கு இந்த எடம் போனா இன்னொரு எடம் வரும். இது வெளிய போனா என் பொண்ணுக்கு வருமா? சொல்லுய்யா."

"அதுக்கு என் பொண்ணு பேரு கெடணுமா?"

கீழே கிடந்த குழாயை எடுத்துக்கொண்டு அவன் லோரிப் பக்கம் திரும்பினான். வீட்டுக்குள் வரும்போது முடிவு செய்துகொண்டுதான் வந்தேன்.

ரமணி வேலைக்குக் கிளம்பாமல் கூடத்தில் நின்றாள்.

"என்னப்பா செய்யப் போறீங்க?"

"பேர் கேட்டாங்க. சொல்லப் போறேன்."

"வேணாம்ப்பா. சந்திரா பேர சொல்லித்தான் எனக்குக் கல்யாணம் நடக்கணும்னா அது நடக்கவே வேணாம்."

"முப்பது வயசுக்குப் பேசுற பேச்சா இது!" என்று இராஜம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பின்கதவு திறந்தது. சந்திரகலா வந்தாள். பின்சந்து வழியாக வந்திருக்கிறாள், காலில் செருப்பில்லை. எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். நான் வேலியில் கத்தியது முழுக்க அவளுக்குக் கேட்டிருக்கும். தாமானுக்கே கேட்டது.

"பெரியப்பா, அந்த வீட்டு நம்பர் சொல்லுங்க."

"நீ எதுக்கும்மா..."

"என்னைப் பத்தின பேச்சு. நானே பேசுறேன்."

ரமணி வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்தாள். சந்திரகலா முகத்தைச் சுளித்துக் கையை இழுத்துக்கொண்டாள். பிடித்த இடம் வலித்திருக்கிறது. நான்தான் எண்ணை அழுத்தி ரிசீவரை அவளிடம் கொடுத்தேன்.

"வணக்கம் ஆன்டி. நான் ரமணி பக்கத்து வீடு, சந்திரகலா. அன்னிக்கு நீங்க கேட்டது எங்க அப்பா குரல். ஓடி வந்த பொண்ணு நான்தான். ஓடி வரல ஆன்டி, பஸ்ல வந்தேன். அவரு அடிச்சதுல ஓடுற மாதிரி கால் இல்ல." ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றினாள். "வேற ஏதாவது கேக்கணுமா? கேளுங்க, சொல்றேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "பரவால்ல ஆன்டி" என்று சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"அண்ணே" என்றார் சீதாலெட்சுமி. குரலில் சர்க்கரை கரைத்திருந்தது. "மனசுல இருந்த பாரம் எறங்கிடுச்சு. பாவம் அந்தப் பொண்ணு. நம்ம ரமணிமேல ஒரு குறையும் இல்ல. அடுத்த ஞாயிறு பரிசத்துக்கு வந்துடுறோம். ஒண்ணே ஒண்ணு மட்டும்ண்ணே. தப்பா நெனக்காதீங்க. அன்னிக்கு அந்தப் பொண்ணு தட்டு எடுக்கிறது, முன்னால நிக்கிறது, அதெல்லாம் வேணாம். நல்ல காரியம் பாருங்க. பக்கத்து வீடா இருந்தாலும், கொஞ்ச நாளைக்கு ரமணியும் பழகாம இருந்தா நல்லது."

ரிசீவரில் சத்தம் அவ்வளவு தெளிவு. கூடத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டுவிட்டது. சந்திரகலா தரையைப் பார்த்தாள்.

எனக்கு வாயில் வந்தது துறைமுகத்துப் பாஷை. அதை வெளியே விடுவதற்குள் ரமணி என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"ஆன்டி, ரமணி பேசுறேன். என் பரிசத்துல தட்டு எடுக்கிறது சந்திராதான்."

"அம்மாடி, நான் உன் நல்லதுக்குத்தான்..."

"பாலன் பக்கத்துல இருக்காரா ஆன்டி?"

"இருக்கான்."

"அவரு என்ன சொல்றாரு?"

நாங்கள் காத்திருந்தோம். லைனில் ஒரு இரைச்சல் இல்லை. யார் குரலும் குறுக்கே வரவில்லை. அங்கே ஒரு நாற்காலி நகர்ந்தது கேட்டது, ஒருவன் தொண்டையைச் செருமியதுகூடக் கேட்டது. பெட்டி எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்தது. அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அதையும் கொடுத்திருக்கும்.

"பெரியவங்ககிட்ட கேட்டு யோசிச்சுச் சொல்றோம்மா" என்றார் சீதாலெட்சுமி.

"யோசிக்க வேணாம் ஆன்டி" என்று ரமணி வைத்துவிட்டாள்.

இராஜம்மா அழ ஆரம்பித்தாள். எட்டாம் எண்ணைச் சொல்லி அழுதாள், என்னைச் சொல்லி அழுதாள், கடைசியில் ஜெயராஜைச் சொல்லி அழுதாள். இயந்திரத்துக்குள் கையை விட்டுப் பழுது பார்க்கிறவன் தன் அம்மா பேச்சுக்குள் ஒரு வார்த்தை விட முடியாமல் உட்கார்ந்திருந்தானே, அவனைச் சொல்லி அவள் அழவில்லை. அவனை நான் திட்டினேன், அந்தத் துறைமுகத்துப் பாஷையிலேயே, மூச்சு வாங்கும் வரை. ரமணி அழவில்லை. அவள் முகத்தை நான் அதிகம் பார்க்கவில்லை. அடுப்படிக்குப் போய் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.

"சாப்டுட்டு போ சந்திரா."

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் தம்புசாமி தன் மகள் அறையில் இல்லாததைக் கண்டுபிடித்துவிட்டான். அக்கம்பக்கத்துக்குக் கேட்கக் கூடாதே என்று, பயந்த குரலில், "சந்திரா... சந்திரா..." என்று பின்சந்தில் கூப்பிட்டுக்கொண்டு வந்தான்.

சந்திரகலா தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, பின்வாசலுக்கு வராமல் முன்வாசலுக்குப் போனாள். வரிசையில் பாதிக் கதவுகள் இன்னும் திறந்தே இருந்தன.

"நாகையா பெரியப்பா வீட்ல இருக்கேன்ப்பா!" என்று கத்தினாள். "சாப்டுட்டு வரேன்!"